ஒரு பெட்டி, ரெண்டு அடுப்பு

நேத்து வாங்கின திண்டுக்கல் பிரியாணியைச் சூடு பண்ணவும், கேக் சுடவும் ஒரே பெட்டி: கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ். ஆனா உள்ளே இருப்பது தனித்தனியா ரெண்டு அடுப்பு. இது புரிஞ்சா பாதி ரிப்பேர் புரிஞ்ச மாதிரி.

முதல் அடுப்பு மேக்னட்ரான். பல மாடல்களில் டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டைச் சுமார் 2,000 வோல்ட்டாக உயர்த்தும். கெபாசிட்டரும் டயோடும் அதை இரட்டிப்பாக்கும். அதில் இயங்கும் மேக்னட்ரான் 2,450 மெகாஹெர்ட்ஸ் அலைகளை அனுப்ப, உணவிலுள்ள நீர் சூடாகும். இரண்டாவது அடுப்பு ஹீட்டர் காயிலும் ஃபேனும். சூடான காற்று சுற்றுவதால்தான் கேக்கின் மேல்பக்கம் சிவக்கும்.

இனி கோளாறைக் கண்டுபிடிப்போம். மைக்ரோவேவ் மோடில் ஒரு டம்ளர் தண்ணீரை 2 நிமிடம் வைங்க. பெட்டி ஓடியும் தண்ணீர் சூடாகலையா? மேக்னட்ரான் பக்கம் பழுது. தண்ணீர் சூடாகுது, கேக் மட்டும் வேகலையா? காயில், ஃபேன், தெர்மல் கட்-ஆஃப் மேல சந்தேகப்படலாம். டிஸ்ப்ளே எரிஞ்சும் ஸ்டார்ட் ஆகலைன்னா கதவு சுவிட்ச்சாக இருக்கலாம். பெட்டியே செத்துக் கிடந்தா ஃபியூஸ். உள்ளே தீப்பொறி பறந்தா மைக்கா ஷீட்டில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக் கருகியிருக்கும், ஷீட்டை மாத்தணும்.

ஆனா வெளிக்கூட்டை மட்டும் கழற்றாதீங்க. பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெபாசிட்டரில் ஆளைக் கொல்லும் சார்ஜ் நிற்கலாம். அந்த வேலை மெக்கானிக்குக்கு. எந்த அடுப்பு ஓடலைன்னு அவரிடம் தெளிவா சொன்னா, தேவையில்லாத பார்ட்டுக்குக் காசு போகாது.