பத்துமணிப் பூ வளர்த்த கதை

டேபிள் ரோஸ் என்றும் பத்துமணிப் பூ என்றும் அழைக்கப்படும் செடியைப் பன்னிரண்டு தொட்டிகளில் வளர்த்து, ஆண்டு விழா மேடையில் வைப்பதாகச் சிஸ்டரிடம் வாக்குக் கொடுத்தோம். ஒரே மாதத்தில் ஒன்பது தொட்டிகள் அழுகிப்போயின. காரணம் எங்கள் அன்புதான்! காலையும் மாலையும் முறைவைத்துத் தண்ணீர் ஊற்றினோம். வற்றாத தாமிரபரணிக் கரையில் வளர்ந்த நமக்குச் செடி என்றதும் தண்ணீர்தானே நினைவுக்கு வரும்?

இதன் தாயகம் தென் அமெரிக்கா. அர்ஜென்டினா, தென் பிரேசில், உருகுவே ஆகிய இடங்களில் வெயில் காயும் மணற்பாங்கான நிலத்தில் படர்வது. நம் பருப்புக்கீரைக்கு நெருங்கிய உறவு. உருண்ட சிற்றிலையை நசுக்கினால் நீர் கசியும். அதுவே செடியின் தண்ணீர்க் குடம். மண்ணும் ஓயாமல் ஈரமாயிருந்தால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது, அழுகிவிடும்.

எஞ்சிய மூன்று தொட்டிகளிலிருந்து விரல் நீளத் தண்டுகளைக் கிள்ளி, அடியிலைகளை நீக்கி மீண்டும் நட்டோம். ஒருத்தி ஆற்று மணல் அள்ளி வரக் கிளம்பினாள், தடுத்துவிட்டோம். தாமிரபரணியில் மணல் அள்ள உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2010-இல் தடை விதித்ததை அவள் அறியாள். செம்மண் இரு பங்கு, செங்கல் தூள் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு கைப்பிடி போதுமானதாயிற்று. தொட்டியின் அடியில் துளை அவசியம். விரலை மண்ணில் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விட்டோம். இரண்டே வாரத்தில் வேர் பிடித்தது. பிறகு தண்டுகள் தொட்டி விளிம்பைத் தாண்டித் தொங்கின.

பூத்த பூவின் நடுவிலுள்ள மகரந்தத் தாள்களை ஈர்க்குக் குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், அவை அசையும்! இதழ்களின் சிவப்பும் மஞ்சளும் பீட்ரூட்டுக்கு நிறம் தரும் வகையைச் சேர்ந்த சாயங்களே. விதை தூள்போலச் சிறியது. அதை மண்ணில் புதைக்காமல் மேலே தூவினால் போதும்; முளைக்க வெளிச்சம் வேண்டும்.

ஆண்டு விழா நாள் வந்தது. காலையில் பன்னிரண்டு தொட்டிகளும் பூத்துக் குலுங்கின. விழாவோ மாலை ஐந்து மணிக்கு! வெயிலில் விரிந்து பிற்பகலில் மூடும் பூ என்பதை நாங்கள் எண்ணவேயில்லை. மூடிய பூக்களைப் பார்த்துச் சிஸ்டர் சிரித்துவிட்டார்கள்.

இப்போது ஐப்பசி பிறந்ததும் தொட்டிகளை மழை படாத தாழ்வாரத்திற்கு மாற்றிவிடுகிறோம். நடுவதற்குத் தண்டு வேண்டும் தோழியர் காலை மணியடிக்குமுன் வரலாம். பூவைப் பார்க்க வேண்டுமாயின் முதல் இடைவேளைக்கு வாருங்கள்.