கணிப்பொறியின் நினைவுக்கும் ஓர் எல்லை உண்டு



"டீச்சர், அப்பா 4 ஜி.பி. ரேம் வாங்கிப் போட்டார். கணிப்பொறி 3.25 தான் பயன்படும் என்று காட்டுகிறது. மீதி முக்கால் ஜி.பி. எங்கே போயிற்று?"

2020-ஆம் ஆண்டு, பள்ளிகள் மூடிக்கிடந்த நாட்களில், பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவள் தந்தை தையற்கடை வைத்திருப்பவர். கடையும் அப்போது பூட்டிக்கிடந்தது. ஆயினும், மகள் வீட்டிலிருந்தே பாடம் கேட்க வேண்டுமே என்று யாரோ பயன்படுத்திய பழைய மேசைக் கணிப்பொறி ஒன்றை வாங்கி வந்தார். அது ஆமையாய் நகர்ந்தது. "ரேமைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்ல, உள்ளே இருந்த இரண்டு 1 ஜி.பி. கார்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு 2 ஜி.பி. கார்டுகளை வாங்கி மாட்டினார். நாலு வரவேண்டிய இடத்தில் மூன்றேகால் வந்தது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அந்த வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. கார்டுகளும் பழுதில்லை. பின் என்னதான் நடந்தது? அதைக் காண்போம்.

ரேம் என்பது கணிப்பொறியின் வேலை மேசை. ஹார்டு டிஸ்க் அதன் அலமாரி. அலமாரியில் எத்தனை புத்தகம் இருந்தாலும், படிக்க வேண்டியதை மேசையில் எடுத்து வைத்துத்தானே படிக்க வேண்டும்? மேசை சிறிதாக இருந்தால், ஒன்றை அலமாரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டு மற்றொன்றை எடுக்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சல்தான் நாம் காணும் தாமதம். ஆகவே ரேமைக் கூட்டுவது நல்ல யோசனையே. ஆனால் மேசையை எவ்வளவு பெரிதாக்கினாலும் கணிப்பொறியின் கை அதன் மறுகோடி வரை எட்ட வேண்டும் அல்லவா? இங்கேதான் எல்லை வருகிறது.

விடுதி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே டிரங்குப் பெட்டிகளுக்கு எண் கொடுக்கும் பதிவேட்டில், எண்ணுக்கென்று இரண்டே கட்டங்கள்தான் அச்சிட்டிருக்கின்றன. 00 முதல் 99 வரை நூறு பெட்டிகளுக்கு எண் எழுதலாம். நூற்றியோராவது பெட்டியை அறைக்குள் கொண்டுவந்து வைக்க யாரும் தடை சொல்லமாட்டார்கள். ஆனால் அதைப் பதிவேட்டில் எழுத வழியில்லை. எண் சொல்லிக் கேட்கவும் வழியில்லை. பெட்டி இருக்கும், இருந்தும் இல்லாததே.

ரேமிலும் ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எண் உண்டு. அதை முகவரி என்பார்கள். செயலி அந்த எண்ணைக் கம்பிகளின் வழியே சொல்லி அனுப்புகிறது. ஒரு கம்பியில் 0 அல்லது 1 தான் போகும். ஆகவே ஒவ்வொரு கம்பி கூடும்போதும் முகவரிகள் இரட்டிக்கும். பத்துக் கம்பிக்கு 1,024. இருபதுக்கு 10,48,576, அதாவது ஒரு மெகாபைட். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பர்சனல் கம்ப்யூட்டரில் இருந்த 8088 செயலிக்கு இந்த இருபது கம்பிகளே இருந்தன. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே அதைவிடப் பெரிதாக இருப்பதுண்டு! பின்னர் வந்த 80286 செயலிக்கு 24 கம்பிகள், 16 மெகாபைட். 1985-இல் வந்த 80386-க்கு 32. இரண்டை முப்பத்திரண்டு முறை பெருக்கிப் பாருங்கள்: 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296 முகவரிகள். இதுவே 4 ஜிகாபைட். இதை யார் நிரப்பப்போகிறார்கள் என்று அந்நாளில் எண்ணியிருப்பார்கள். இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் நிரம்பிவிட்டது.

நிற்க. நாலு ஜி.பி.க்கும் முகவரி இருக்கிறதே, பின் ஏன் மூன்றேகால் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அந்த விடுதிக்கே மீண்டும் போவோம். 00 முதல் 99 வரையுள்ள எண்களில், 80 முதல் உள்ளவற்றைச் சமையலறை, அலுவலகம், நூலகம் ஆகியவற்றின் பொருள்களுக்கென்று முன்பே ஒதுக்கிவிட்டார்கள் என்று வையுங்கள். நூறு பெட்டிகள் வந்தாலும் எண்பதுக்குத்தான் எண் கிடைக்கும். கணிப்பொறியிலும் அவ்வாறே. திரையில் படம் காட்டும் பகுதி, ஒலிக்கான பகுதி, வலைத்தொடர்புப் பகுதி, தொடக்க நிரல் அடங்கிய சில்லு ஆகிய யாவற்றையும் செயலி முகவரி சொல்லியே அழைக்கிறது. நாலு ஜி.பி. முகவரிகளின் மேற்கோடியில் ஒரு பகுதி இவற்றுக்குப் போய்விடுகிறது. ரேமின் கடைசிப் பகுதிக்கு எண் இல்லாமற் போகிறது. அந்த மாணவியின் முக்கால் ஜி.பி. எங்கும் போகவில்லை. பெட்டிக்குள்ளேதான், எண்ணில்லாமல் கிடந்தது.

இந்த வழக்கம் புதிதன்று. முன்சொன்ன ஐ.பி.எம். கணிப்பொறியிலும் 1,024 கிலோபைட் முகவரிகளில் 384 கிலோபைட்டைத் திரை முதலியவற்றுக்கு ஒதுக்கிவிட்டு, 640-ஐத்தான் நிரல்களுக்கு விட்டார்கள். அந்த 640 பல ஆண்டுகள் நிரல் எழுதுவோரை வாட்டியது.

இனி என் தவற்றைச் சொல்லவேண்டும். மாணவியின் கணிப்பொறியில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7. செயலியோ 64 பிட் வேலையும் செய்யக்கூடியது. ஆகவே நான் சற்றும் யோசியாமல், "64 பிட் இயக்க அமைப்பு ஒன்றைப் போட்டுவிடுங்கள், முழு நாலும் வந்துவிடும்" என்று அவள் தந்தையிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். காசு செலவில்லாமல் கிடைக்கும் உபுண்டு லினக்ஸின் 64 பிட் பதிப்பை இரவெல்லாம் இறக்கி, மறுநாள் நான் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவளே நிறுவினாள். முடித்துப் பார்த்தால், அதே மூன்றேகால்! "பரவாயில்லை டீச்சர், விடுங்கள்" என்றார் அவள் தந்தை. அந்தக் குரல் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது.

நான் மறந்தது தாய்ப்பலகையை. மதர்போர்டு என்று கடைகளில் சொல்கிறார்களே, அதுதான். அக்காலத்து மேசைக் கணிப்பொறிகளில், செயலிக்கும் ரேமுக்கும் நடுவே நின்று போக்குவரத்தை நடத்தியது பலகையில் இருந்த சிப்செட் என்னும் சில்லு. அவள் பலகையில் இருந்தது இன்டெல் 945ஜி. செயலி எத்தனை பெரிய முகவரியைச் சொல்ல வல்லதாயினும், இந்தச் சில்லு 4 ஜி.பி.க்கு மேல் ஒரு முகவரியையும் அறியாது. அடுத்து வந்த 965 வரிசைச் சில்லுகள் 8 ஜி.பி. வரை ஏற்றன. மறைந்துபோன ரேம் பகுதிக்கு நாலு ஜி.பி.க்கு மேலே புதிய முகவரி கொடுத்து மீட்கும் வசதியும் அவற்றில் உண்டு. 945ஜி-யில் மீட்க வழியில்லை, ஏனெனில் அதற்கு நாலுக்கு மேல் என்பதே கிடையாது. கேட்டது ஒரு வார்த்தை அதிகமாக இருந்தால்கூட நான் காப்பாற்றப்பட்டிருப்பேன்: "உங்கள் பலகையின் பெயர் என்ன?"

ஆக, வாசல்கள் பல. செயலி ஒன்று, பலகை ஒன்று, இயக்க அமைப்பு ஒன்று. எந்த வாசல் மிகக் குறுகலோ அதன் அளவே நமக்குக் கிடைக்கும். செயலியும் பலகையும் தாராளமாக இருந்து இயக்க அமைப்பு மட்டும் தடுப்பதும் உண்டு. 1995-இல் வந்த பென்டியம் புரோ செயலிக்கு 36 கம்பிகள் இருந்தன, 64 ஜி.பி. வரை எட்டும். விண்டோஸின் சர்வர் பதிப்புகள் சில அதைப் பயன்படுத்தின. வீட்டுக்கான 32 பிட் பதிப்புகளை மட்டும் மைக்ரோசாஃப்ட் நாலிலேயே நிறுத்திக்கொண்டது. துணைக்கருவிகளை இயக்கும் சிறு நிரல்கள் பல, நாலுக்கு மேற்பட்ட முகவரியைக் கண்டதும் தடுமாறி விழுந்ததே காரணம். 64 பிட் விண்டோஸ் 7-இலும் ஹோம் பேசிக் பதிப்புக்கு 8 ஜி.பி., ஹோம் பிரீமியத்துக்கு 16, புரொபஷனலுக்கு 192 என்று வரம்பு கட்டியிருந்தார்கள். இதில் கம்பிக் கணக்கு ஏதுமில்லை. விலைக்கேற்ற வரம்பு, அவ்வளவே. வேடிக்கை என்னவெனில், விண்டோஸ் 98-இல் 512 மெகாபைட்டுக்கு மேல் ரேம் போட்டால், "நினைவகம் போதவில்லை" என்று சொல்லி அது நின்றுவிடுவதுண்டு!

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். ரேம் வாங்கக் கடைக்குப் போகுமுன் கணிப்பொறியின் மூடியைத் திறந்து, பலகையின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தயாரிப்பாளரின் கையேட்டில் அந்தப் பலகை மொத்தம் எவ்வளவு ஏற்கும், ஒரு ஸ்லாட்டுக்கு எவ்வளவு, எந்த வகை ரேம் என்பது இருக்கும். மொத்தம் 16 என்று போட்டு இரண்டே ஸ்லாட் இருந்தால், ஒன்றுக்கு 8 தான். 16 ஜி.பி. கார்டு ஒன்றை வாங்கிக் குத்தினால் பெரும்பாலும் கணிப்பொறி எழவே எழாது. டி.டி.ஆர். 2, டி.டி.ஆர். 3 இரண்டுக்கும் 240 ஊசிகளே. ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றை மற்றொன்றின் ஸ்லாட்டில் மாட்ட முடியாது. பலத்தைக் காட்டி அழுத்தினால் ஸ்லாட் உடையும். மூடியைத் திறக்குமுன் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொடுவது நல்லது. நம் உடலில் தங்கிய நிலைமின்சாரம் கார்டைப் பாழாக்கக்கூடும்.

அந்தக் கணிப்பொறி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இரண்டு, மூன்றேகால் ஆனதே கண்கூடான மாற்றம்தான். பாடம் ஓடிக்கொண்டிருக்கும்போதே குறிப்பெழுதும் பக்கத்தையும் திறந்துவைக்க முடிந்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும் வரை அவள் அதிலேதான் படித்தாள். கழற்றிய இரண்டு 1 ஜி.பி. கார்டுகளையும், "உங்கள் வகுப்புக்கு ஆகும், டீச்சர்" என்று அவள் தந்தை ஒரு பழைய தீப்பெட்டிக் கட்டின் அட்டைக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினார். அவை என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. ஊசிகளை எண்ணிப் பார்க்க விரும்புவோர் மதிய இடைவேளையில் வந்து கேட்டு வாங்கிக்கொள்ளலாம். விளிம்பைப் பிடித்துத் தூக்குங்கள். தங்கநிறப் பகுதியில் விரல் படவேண்டாம்.