முந்திச் செல்லும் வயது

தொடக்கநிலை ஒன்றில் சேரும் ஏழு வயதுச் சிறுவனின் வீட்டுக்கு, அதே ஜனவரி மாதத்தில் ஒரு பூனைக்குட்டியும் வந்து சேர்கிறது. அதற்கு வயது இரண்டு மாதம். அவன் அண்ணன், அது தம்பி. ஆனால், இந்த உறவுமுறை நெடுநாள் நிலைப்பதில்லை. விலங்கு மருத்துவர்களின் கணக்குப்படி, ஒரு வயது நிறைந்த பூனை ஏறக்குறைய 15 வயது மனிதருக்கு ஒப்பாகும். இரண்டு வயதில் அது 24 வயதை எட்டிவிடும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் நான்கு வயது கூடும். அந்தச் சிறுவன் உயர்நிலை நான்கின் இறுதித் தேர்வை எழுதும்போது பூனைக்குப் பத்து வயது. மனிதக் கணக்கில் 56. தம்பியாக வந்தது தாத்தா ஆகிவிட்டது! வீட்டில் உள்ளவர்களோ அதை இன்னும் ‘குட்டி’ என்றுதான் அழைப்பார்கள். செல்லப்பிராணி வளர்ப்பில் நேரும் பல தவறுகளுக்கு இதுவே காரணம்.

தாயிடமிருந்து குட்டிக்குக் கிடைத்த நோய் எதிர்ப்பாற்றல் சில வாரங்களிலேயே குறையத் தொடங்கும். ஆகவே, ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் முதல் தடுப்பூசி போடப்படும். பின்னர் மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை அது தொடரும். “குட்டிதான் நன்றாக ஓடி விளையாடுகிறதே!” என்று இடையில் நிறுத்திவிடுவோர் உண்டு. அப்படி நிறுத்தினால், தாய் தந்த பாதுகாப்பும் இருக்காது. ஊசி தரும் பாதுகாப்பும் முழுமை பெறாது. கிண்ணம் நிறையப் பால் வைப்பதும் அன்பினால் செய்யும் தவறுதான். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றுப்போக்கு ஏற்படும். அவற்றுக்குத் தண்ணீரே போதும்.

அடுக்குமாடி வீட்டில் வளரும் பூனைக்குச் சன்னல் பெரிய ஆபத்து. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நின்றுவிடும் என்று பலர் நம்புகின்றனர். காற்றில் உடலைத் திருப்பிக் கால்களைக் கீழே கொண்டுவரும் திறன் அதற்கு உண்டு என்பது மெய்தான். ஆயினும், பத்தாவது மாடியிலிருந்து விழும் வேகத்தை அந்தக் கால்களால் தாங்க முடியாது. தாடை உடையும், நுரையீரல் காயமடையும், உயிரும் போகலாம். சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வழங்கப்பட்டது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். அவற்றின் உடலில் நுண்சில்லு பொருத்தி உரிமம் பெற வேண்டும். பூனை வெளியே சென்றுவிடாமல் பார்த்துக்கொள்வதும் உரிமையாளரின் கடமை. சன்னல் கம்பிகளுக்கு இடையே தலை நுழைந்தால் போதும், குட்டியின் உடலும் நுழைந்துவிடும். அதனால் கம்பியோடு வலையும் தேவைப்படுகிறது.

சிங்கப்பூரில் பனிக்காலம் இல்லை. அதற்காக, எல்லா மாதங்களும் ஒன்றுபோல இருப்பதில்லை. இதைச் சிறுவனின் பக்கத்து வீட்டு நாய் நன்கு அறியும். அது தட்டையான மூக்குள்ள ‘பக்’ வகை நாய். நாய்களுக்கு நம்மைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அவை உடல் வெப்பத்தைத் தணிக்கின்றன. குட்டை மூக்குள்ள நாய்க்கு அந்த வழியும் குறுகல். நண்பகலில் அதை நடக்க அழைத்துச் சென்றால், வெப்பத்தாக்கம் ஏற்படக்கூடும். புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். நம் கை தாங்காத சூட்டை நாயின் பாதமும் தாங்காது. நாய் தள்ளாடினால் நிழலுக்குக் கொண்டுசென்று, உடலில் தண்ணீர் ஊற்றி, விசிறிவிட வேண்டும். குளிரவைத்த பிறகே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் கவலை வேறு விதமாக வரும். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரிலிருந்து எலிக்காய்ச்சல் நாய்களுக்குப் பரவும். மனிதரையும் அது விடாது. நடந்துவிட்டு வந்ததும் விரல் இடுக்குகளைத் துடைத்து, காதோரங்களில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. புகைமூட்ட நாள்களும் உண்டு. 2013 ஜூன் 21ஆம் நாள் காற்றுத் தரக் குறியீடு 401ஐத் தொட்டது. அத்தகைய நாள்களில் செல்லப்பிராணிகளும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். கூண்டுப் பறவைகளின் நுரையீரல் இன்னும் மென்மையானது. அவற்றை மாடத்தில் விட்டுவைக்கக் கூடாது.

தீபாவளி போன்ற விருந்து நாள்களும் ஒருவகையில் ஆபத்தான பருவமே. பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாம்பாரில் உள்ள வெங்காயம் நாய், பூனை இரண்டின் இரத்த அணுக்களையும் அழிக்கும். விருந்தாளி யாராவது பாசத்தோடு ஒரு வாய் ஊட்டிவிட்டால் என்ன செய்வது? முன்கூட்டியே சொல்லிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பூனைக்குக் காய்ச்சல் என்று மனிதருக்கான பாரசிட்டமால் மாத்திரையைக் கொடுப்பது இதைவிடக் கொடியது. ஒரே மாத்திரைகூடப் பூனையின் உயிரைப் பறிக்கலாம்.

இப்போது அந்தச் சிறுவனுக்கு 16 வயது. தேர்வுக்குப் படிக்கும் மேசையருகே பூனை படுத்திருக்கிறது. முன்பெல்லாம் சன்னல் திண்டில் தாவி ஏறிய பூனை அது. “சோம்பேறி ஆகிவிட்டது,” என்கிறார் பாட்டி. அது சோம்பலாக இல்லாமல் மூட்டுவலியாகவும் இருக்கலாம். காட்டில் வலியை வெளிப்படுத்தும் விலங்கு எதிரிக்கு இரையாகும். அதனால், வீட்டுப் பூனையும் வலியை மறைத்தே வாழ்கிறது. தடுப்பு உயரம் குறைந்த மணல்தட்டும், திண்டுக்குக் கீழே ஒரு சிறு பெட்டியும் வைத்தால் அதற்கு எளிதாக இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை நடந்த மருத்துவப் பரிசோதனை இனி இரண்டுமுறை நடக்க வேண்டும்.

மூப்படைந்த பூனைகளை அதிகம் தாக்குவது சிறுநீரக நோய். அதன் தொடக்க அறிகுறி மிகச் சிறியது: பூனை வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, “எப்போதிலிருந்து?” என்பதுதான். சிறுவன் தன் பாடக்குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறான். காலையில் அளந்து ஊற்றிய நீரும் மாலையில் எஞ்சிய நீரும், மூன்று வாரங்களாக நாள்தோறும் அதில் எழுதப்பட்டுள்ளன.