மருந்தடிக்கும் முகமூடி, மழைக்கால ஹெல்மெட்

மழை பிடித்துவிட்டால் கோத்தகிரி, மஞ்சூர் பக்கம் தேயிலையில் கொப்புள நோய்க்கு மருந்தடிக்கும் வேலை வந்துவிடும். வெயில் மாதங்களில் சிவப்புச் சிலந்தி. தோட்டத்துக்கு முகமூடி, ரோட்டுக்கு ஹெல்மெட். நம் மலையில் இரண்டையும் கெடுப்பது ஈரம்தான்.

1. துணி மாஸ்க் மருந்துக்கு ஆகாது. என்95 தூளையும் சாரலையும் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும். ஆவியாகும் மருந்துக்குக் கரி ஃபில்டர் வேண்டும். எந்த மருந்துக்கு எது என்று டப்பாவின் லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

2. ஃபில்டரில் உள்ள கரி மூடுபனியின் ஈரத்தையும் குடிக்கும். வேலை முடிந்ததும் கழற்றி, காற்றுப் புகாத கவரில் போடுங்கள். ஃபில்டரைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதி, கம்பெனி சொன்ன கெடு முடிந்ததும் மாற்றுங்கள். கழுவவே கூடாது. மருந்து வாடை உள்ளே வந்தால் உடனே தோட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வாடை வரவில்லை என்று நம்பியும் இருக்க முடியாது. சில மருந்துகளுக்கு வாடையே கிடையாது.

3. முக்கியமான இடம் வெளிமூச்சு வால்வு. மூடியைத் திறந்தால் நாணயம் அளவில் மெல்லிய ரப்பர் வட்டம் இருக்கும். அதன் அடியில் ஒரு தலைமுடியோ காய்ந்த மருந்துத் தூளோ சிக்கினாலும் போதும், இழுக்கும் மூச்சோடு மருந்தும் உள்ளே போகும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓரம் சுருண்டிருந்தால் புதிது போடுங்கள். கடலுக்கடியில் வேலை செய்கிறவர்கள் தங்கள் ஹெல்மெட்டின் ஒருவழி வால்வை அன்றாடம் சோதித்த பிறகே தண்ணீரில் இறங்குகிறார்கள். தேயிலைச் சரிவில் நிற்கிறவருக்கும் அந்த ஒரு நிமிஷம் வேண்டும்.

4. மாட்டியதும் இரண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள்; முகமூடி லேசாக உள்ளே ஒட்ட வேண்டும். வெளிமூச்சு வால்வை மூடி மெதுவாக ஊதினால் சற்றே உப்ப வேண்டும், ஓரத்தில் காற்றுக் கசியக் கூடாது. தாடி இருந்தால் கசியத்தான் செய்யும்.

5. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, முகமூடியை வெதுவெதுப்பான நீரில் லேசான சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். நெருப்புச் சட்டி பக்கத்தில் காயவைப்பது ஸ்வெட்டருக்குச் சரி, ரப்பர் கோணிவிடும். நிழலில் காற்றாட உலரட்டும்.

6. ஆணியில் வாரைப் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். மருந்து வைக்கும் அறையிலும் வேண்டாம்.

7. ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் பனி படிந்தால், பாத்திரம் கழுவும் சோப்புநீர் ஒரு துளி தடவி, மெல்லிய துணியால் படலம் தெரியாமல் துடையுங்கள். புழுதியோடு உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

8. உள் மெத்தை கழற்றக்கூடியதென்றால் துவைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்கியதே ஆனாலும், பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை மாற்றிவிடுங்கள். உள்ளே தெர்மோகோல் நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.