படத்திறப்புக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை தாத்தாவின் படத்திறப்பில் பேசுவதற்கு நீ எழுதியதைப் படித்தேன். தமிழ் நன்றாக இருக்கிறது. ஆனால் ‘எதிரிகளைச் சிதறடித்த சிங்கம்’ என்று ஆரம்பித்திருக்கிறாயே, அதை அடித்துவிடு. உன் தாத்தா, என் அண்ணன், உயிரோடு இருந்து கேட்டிருந்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போயிருப்பார்.

அவர் ராணுவத்தின் பொறியாளர் படையில், மெட்ராஸ் சாப்பர்ஸ்காரர். 1971 டிசம்பரில் பாகிஸ்தானோடு நடந்த போரில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றைத் தாண்டி நம் டாங்கிகள் போக வேண்டியிருந்தது. வழியெல்லாம் கண்ணிவெடி. அதற்குள் பாதை எடுத்துக் கொடுத்த 9ஆவது பொறியாளர் ரெஜிமென்டில் அவரும் இருந்தார். அந்தச் சண்டையில் அருண் கேத்தர்பாலும் ஹோஷியார் சிங்கும் பரம்வீர் சக்கரம் பெற்றதை நீயும் கேள்விப்பட்டிருப்பாய். பாதை எடுத்தவர்களைப் பற்றி ஊரில் யார் பேசுகிறார்கள்?

அண்ணனும் பேசமாட்டார். என்னிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். கண்ணி தேடும் கம்பியைச் சாய்வாகத்தான் மண்ணில் செருக வேண்டும். நேராகக் குத்தினால் கண்ணியின் தலையில் பட்டுவிடும். அதற்கு மேல் கேட்டால் டீ சொல்லப் போய்விடுவார். அவர் சொல்லாததை நீ இட்டுக்கட்டாதே. எந்தப் பிரிவு, எந்த வருஷம் என்பதெல்லாம் பீரோவில் இருக்கும் டிஸ்சார்ஜ் புக்கில் உண்டு. பார்த்து எழுது.

பட்டாளத்திலிருந்து வந்து மின்வாரியத்தில் லைன்மேன் ஆனபோது நான் அவரிடம் ஹெல்பர். எல்.சி., அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, வாங்கியாச்சு என்று போனில் சொன்னால் நம்பமாட்டார். லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்ச் வரை நடந்து போய், மூன்று பிளேடும் பிரிந்திருப்பதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அப்புறம் லைனைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு. மாட்டும்போது முதலில் தரைப்பக்கம், பிறகு கம்பி. கழற்றும்போது முதலில் கம்பி, கடைசியில் தரை. மழை கொட்டினாலும், ஊரே இருட்டில் நின்று திட்டினாலும் இதில் ஒன்றைக்கூட விடமாட்டார். ‘மிலிட்டரி வந்தா வேலை விடிஞ்சிடும்’ என்று நாங்கள் முணுமுணுப்போம். அவர் கேங்கில் இருந்த ஒருவன்கூடக் கம்பத்தில் சாகவில்லை. இந்த வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய விஷயம் என்று. சபையில் முதலில் இதைச் சொல்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது அவர் ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகியிருந்தது. காவிரி டெல்டா முழுக்க லட்சத்துக்கு மேல் கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தெருவில் வாடகை ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. மெயினை இறக்காமல் ஜெனரேட்டரை வீட்டு ஒயரிங்கில் கொடுத்தால், கரண்ட் திரும்பி லைனில் ஏறும். டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போனால் 11,000 வோல்ட்டாகவே ஏறிவிடும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவனுக்கு அதுதான் எமன். அண்ணன் கையில் தடியோடு வீடு வீடாகப் போய், ‘மெயினை இறக்குங்கய்யா’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். பசந்தரில் செய்ததும் இதே வேலைதான் என்பது என் எண்ணம். பின்னால் வருகிறவன் காலை நம்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சைவிட முக்கியமான காரியம் ஒன்று. பாட்டிக்கு ராணுவத்திலிருந்து குடும்ப ஓய்வூதியம் வரவேண்டும், வாரியத்திலிருந்தும் வரவேண்டும். முன்பெல்லாம் இரண்டில் ஒன்றுதான். 2012 செப்டம்பர் 24 முதல் இரண்டையும் வாங்கலாம் என்று மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கிறது. ‘ஒன்றுதான் கிடைக்கும்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதே. ராணுவ ஏட்டில் பாட்டியின் பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் இழுத்தடிப்பார்கள்; அதை முதலில் பார். இறப்புச் சான்றிதழ், ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வின் நகல், டிஸ்சார்ஜ் புக் மூன்றையும் எடுத்துக்கொண்டு, பாட்டியைக் கூட்டிக்கொண்டு, திங்கட்கிழமையே மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போ.

அன்புடன்,
சின்னத் தாத்தா