சொல் தெரியும், பொருள் தெரியாது

சென்ற ஆண்டு எங்கள் ஆய்வுக்கூடத்தின் வாரக் கூட்டத்தில், நான் தயாரித்த ஒரு சேர்மத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பேராசிரியர் இடைமறித்தார். எத்தனை விழுக்காடு விளைபொருள் கிடைக்கிறது, ஒரு 'பால்பார்க் ஃபிகர்' சொல் என்றார். 'பால்' தெரியும், 'பார்க்' தெரியும், 'ஃபிகர்' தெரியும். மூன்றும் சேர்ந்தால் என்ன என்பது தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல நாவும் எழவில்லை. "இரண்டொரு நாளில் தருகிறேன், சார்" என்று தலையாட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

அது ஏதோ ஒரு தனிக் கணக்கு என்று நினைத்து, அதே வினையை மூன்று முறை செய்து, சராசரி கண்டு, இரண்டு தசம இடம் வரை எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் வியந்துபோனார். 'ஏறக்குறைய எவ்வளவு' என்பதுதான் அவர் கேட்ட கேள்வி! 'அறுபது இருக்கும்' என்று அன்றே சொல்லியிருக்கலாம். மூன்று நாளும் போயின. மிச்சமிருந்த மூலப்பொருளும் போயிற்று. அதை மீண்டும் தயாரிக்க இரண்டு வாரம் பிடித்தது. பிழை அவருடையது அன்று. புரியாததற்குத் தலையாட்டிய என்னுடையதே. அன்றிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறேன். அதிலிருந்து சிலவற்றை நம் சங்க நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபுத்தொடர் நமக்குப் புதிதன்று. 'கடன் வாங்கியவன் கம்பி நீட்டிவிட்டான்' என்கிறோம். நம் விடுதியில் இருக்கும் வங்காள நண்பர் அகராதியைப் புரட்டினால் இரும்புக் கம்பிதான் அகப்படும், ஓடிப்போனவன் அகப்படமாட்டான். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் வழங்கும் சொல்லைக் குழூஉக்குறி என்று நன்னூல் வகுத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்குப் பள்ளியில் படித்த எடுத்துக்காட்டு. ஆங்கிலத்தில் 'ஸ்லாங்' எனப்படுவதன் ஒரு பெரும் பகுதி இதுவே. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை. கற்கும் வழியை மட்டும் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலாவது, தொடர்களைக் குடும்பம் குடும்பமாகக் கற்க வேண்டும். பல தொடர்கள் ஒரு தொழிலிலோ விளையாட்டிலோ பிறந்தவை. கிரிக்கெட்டில் பிறந்த 'ஸ்டிக்கி விக்கெட்' நமக்கு எளிதில் விளங்கும். ஈரம் காயும் ஆடுகளத்தில் மட்டை பிடிப்பவன் படும் பாடு நமக்குத் தெரியும். ஆகவே அது இக்கட்டான நிலை என்று ஊகித்துவிடுவோம். அமெரிக்கரின் பேஸ்பால் ஆட்டத்தை நாம் பார்த்ததில்லை. அதில் பிறந்தவையே நம்மைத் திணற அடிக்கின்றன. 'பால்பார்க்' என்பது அந்த ஆட்டத்தின் திடல். எண் எங்கோ அந்தத் திடலுக்குள் விழுந்தால் போதும் என்பது கருத்து. ஓடுபவன் ஒவ்வொரு 'பேஸ்' என்னும் நிலையையும் தொட்டுச் செல்ல வேண்டும். அதனால் 'டச் பேஸ்' என்றால் ஒரு சொல் பேசித் தொடர்பு கொள்ளுதல். வேதியியல் மாணவன் காரத்தைத் தொட்டுக் கையைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டியதில்லை! மழையால் ஆட்டம் நின்றால், இன்னொரு நாள் வந்து பார்க்க அனுமதிக்கும் சீட்டு 'ரெயின் செக்'. பொங்கல் விழாவுக்கு அழைத்தபோது ஒரு நண்பர் இச்சொல்லைச் சொன்னார். மழைக்கும் நம் விழாவுக்கும் என்ன தொடர்பு என்று மனம் சுளித்தேன். 'இம்முறை இயலாது, மறுமுறை அழையுங்கள்' என்பதே அவர் சொன்னது.

நம் துறைக்கு நெருங்கிய தொடர்களும் உண்டு. பொன்னில் நைட்ரிக் அமிலத்தை இட்டால் பொன் கரையாது. மட்டமான உலோகம் கரையும். அதுவே 'ஆசிட் டெஸ்ட்'. நாம் உரைகல் என்போம். 1941இல் 'நியூ யார்க்கர்' இதழில் பீட்டர் ஆர்னோ ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். விமானம் விழுந்து நொறுங்கிக் கிடக்க, அதை வடிவமைத்தவர் வரைபடச் சுருளை இடுக்கிக்கொண்டு, மறுபடியும் வரைபலகைக்கே போகவேண்டியதுதான் என்று நடப்பார். சோதனை தோற்கும்போதெல்லாம் நாம் கேட்கும் 'பேக் டு த டிராயிங் போர்டு' அதிலிருந்து பரவியது.

பிறப்புக் கதைகள் எல்லாவற்றையும் நம்பிவிடவும் கூடாது. 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்பதற்குக் கூரையிலிருந்து பூனையும் நாயும் வழுக்கி விழுந்தன என்று ஒரு கதை உலவுகிறது; அதற்குச் சான்றில்லை. 1738இல் ஜோனதன் ஸ்விஃப்ட் அத்தொடரைத் தம் நூலில் ஆண்டிருக்கிறார் என்பது உண்மை. ஆனால் இன்று அதைப் பேசுவோர் அரியர். பள்ளியில் நாம் உருப்போட்டது இதைத்தான். அன்றாடம் காதில் விழுவதை எவரும் கற்பிக்கவில்லை.

இரண்டாவது, அன்றாடம் காதில் விழுபவை பெரும்பாலும் வினைச்சொல்லோடு ஒரு சிறு சொல் ஒட்டி வருபவை. 'டர்ன் இன்' என்றால் ஒப்படைத்தல். 'டர்ன் டவுன்' என்றால் மறுத்தல். 'புட் ஆஃப்' என்றால் ஒத்திப்போடுதல். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்ளுதல். 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் அசிட்டோன்' என்று எழுதியிருந்தால், அசிட்டோன் தீர்ந்துவிட்டது என்று பொருள், ஆட்டமிழந்தவர் எவருமில்லை. இவற்றைத் தனிச் சொல்லாகப் பிரிக்காமல், முழு வாக்கியமாகவே எழுதிப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, நாடு மாறினால் பொருளும் மாறும். ஒரு பொருளை 'டேபிள்' செய்வது என்றால் பிரிட்டனில் அதை உடனே விவாதத்துக்கு எடுப்பது. அமெரிக்காவில் அதை ஒத்திவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அலுவலர்களும் இச்சொல்லை வைத்து நெடுநேரம் வாதாடி, பிறகுதான் இரு தரப்பும் ஒன்றையே விரும்பியதை உணர்ந்தனர் என்று சர்ச்சில் தம் போர் வரலாற்றில் எழுதியிருக்கிறார். நாமும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். '2023இல் பாஸ்ட் அவுட் ஆனேன்' என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினால், அந்த ஆண்டில் மயங்கி விழுந்தான் போலும் என்று நினைப்பார்கள். 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', 'ப்ரீபோன்' என்பனவும் நம் நாட்டு ஆங்கிலம். இவை இழிந்தவை அல்ல. நம்மிடையே நன்றாகவே ஓடும் காசுகள். எல்லை கடந்தால் செல்லாது, அவ்வளவே.

நான்காவது, கொச்சை வழக்கைப் புரிந்துகொள்ளக் கற்பது முந்த வேண்டும். பேசுவது பிந்த வேண்டும். என் நண்பன் ஒருவன் கருத்தரங்கில் பேசி முடித்ததும், மூத்த மாணவர் ஒருவர் 'யூ கில்ட் இட்' என்று சொல்லிவிட்டுப் போனார். பேச்சைக் கொன்றுவிட்டதாக நினைத்து அவன் இரவு சாப்பிடவில்லை. 'பிரமாதப்படுத்திவிட்டாய்' என்பது அதன் பொருள்! இதைத் தோழனிடம் சொல்லலாம், தேர்வாளரிடம் சொல்லலாகாது. மேலும் கொச்சை விரைவில் பழசாகும். பத்தாண்டுக்கு முந்தியதைப் புதிதென்று பேசுபவனைக் கண்டு இளையவர் சிரிப்பார்கள்.

என் குறிப்பேட்டில் நான்கு பத்திகள் உள்ளன: கேட்ட முழு வாக்கியம், யார் யாரிடம் சொன்னது, எந்தச் சூழலில், தமிழில் அதற்கு நேரானது. நான்காம் பத்தி மிக இன்பமானது. 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்பது நிலக்கரி ஏற்றுமதிக்குப் பேர்போன நகருக்கே கரி சுமப்பது. நாம் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்போம். 'ஒன்ஸ் இன் எ பிளூ மூன்' என்பதற்கு அத்தி பூத்தாற்போல என்பது இருக்கிறது. இப்படித் தமிழோடு முடிச்சுப் போட்டால் மறப்பதில்லை.

குறிப்பேட்டைவிடப் பெரிது கேட்கும் துணிவு. 'சாரி, ஐ டோன்ட் நோ தட் எக்ஸ்பிரஷன்' என்ற ஒரு வாக்கியம் போதும். அதைக் கேட்டு என்னை ஏளனம் செய்தவர் இதுவரை ஒருவருமில்லை. பலர் மகிழ்ந்து விளக்கியிருக்கிறார்கள். சென்ற வாரம் முதலாண்டு மாணவன் ஒருவன் வந்து, "அண்ணா, 'லோ ஹேங்கிங் ஃப்ரூட்' என்றால் என்ன?" என்றான். எனக்கும் தெரியவில்லை. இருவருமாகப் பேராசிரியரிடமே போய்க் கேட்டோம். எட்டும் கிளையிலுள்ள கனி. அதாவது எளிதில் முடியும் வேலை, முதலில் அதைச் செய் என்றார். அன்று மாலையே அவன் ஒரு குறிப்பேடு வாங்கிவிட்டான்.