கண்ணாடிக்குள் ஒரு கடல்

நுழையும்முன்

நீரின் நிறமும் சுவையும் நம் புலன்களுக்குத் தெரியும். அதில் கரைந்திருப்பவை தெரிவதில்லை. பட்டுக்குச் சாயமிடுவோரும் கடல்மீன் தொட்டி வளர்ப்போரும், கண்ணுக்குப் புலப்படாத அப்பொருள்களோடுதான் நாள்தோறும் பழகுகின்றனர். அவர்கள் கையாளும் வேதியியலை அறிமுகம் செய்கிறது இப்பாடம்.

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணி, பட்டு நெசவால் பெயர்பெற்ற ஊர். தறியில் ஏறும் முன்னரே பட்டுநூல் பலமுறை நீரில் மூழ்கி எழுகிறது. கச்சாப் பட்டிழையின் மேல் செரிசின் என்னும் பசை படிந்திருக்கும். இழையின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இதுவே. சவர்க்காரமும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை முக்கி அலசினால் பசை கரைந்து நீங்கும். பட்டுக்குரிய மென்மையும் பளபளப்பும் அப்போதுதான் வெளிப்படும். பசை நீக்கக் கார நீர் வேண்டும். சாயம் ஏற்றவோ, பெரும்பாலான பட்டுச் சாயங்களுக்கு, அசிட்டிக் அமிலம் சேர்த்த புளிப்பு நீர் வேண்டும்.

சாயப் பட்டறையின் பெரும்பகை கடின நீர். பாறை நிலத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்திருக்கும். இவை சவர்க்காரத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகி நூலில் ஒட்டிக்கொள்ளும். அவ்விடத்தில் சாயம் சீராக ஏறாது, திட்டுத்திட்டாகத் தெரியும். நீரில் சலவைச் சோடாவைக் கலந்தால், கால்சியம், கால்சியம் கார்பனேட்டாக மாறி வெண்ணிறத் தூளாய் அடியில் படியும்; நீர் மென்மையாகும். கால்சியத்தை நீரிலிருந்து வெளியேற்றுவதே இங்கு நோக்கம்.

இதே ஊரில், கடலையே காணாத ஒரு வீட்டின் கூடத்தில், 200 லிட்டர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் பவளத்திட்டுச் சூழலை அமைக்க ஒருவர் விரும்புவதாகக் கொள்வோம். சாயக்காரர் வெளியேற்ற முயலும் கால்சியத்தை இவர் நீருக்குள் நிறுத்திவைக்க வேண்டும். கடல்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 410 மில்லிகிராம் கால்சியம் உண்டு. சிப்பி தன் ஓட்டையும், பவள உயிரி தன் கூட்டையும், பாறைகளின்மேல் இளஞ்சிவப்பாய்ப் படரும் சுண்ணப்பாசி தன் உடலையும் அதனைக் கொண்டே கட்டுகின்றன.

தொடங்கும் முன் சட்டத்தை அறிதல் வேண்டும். பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001ஆம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே நம் தொட்டியில் செயற்கைக் கற்களும், அவற்றின்மேல் படரும் சுண்ணப்பாசியும், பொரிப்பகத்தில் பிறந்த கோமாளி மீன்களுமே இருக்கும். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் இம்மீன்களைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளது.

தொட்டி வைப்போர் முதலில் வாங்குவது பி.எச். அளக்கும் கருவி. டென்மார்க்கின் வேதியியலறிஞர் சோரன்சன் 1909இல் வகுத்தளித்த அளவீடு இது. ஏழு நடுநிலை, அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். இது மடக்கை அளவாதலால், ஒரு எண் இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்காகும். கடல்நீரின் பி.எச். ஏறத்தாழ 8.1. தொட்டியிலோ அது ஒரே நாளில் ஏறி இறங்கும். பகலில் பாசிகள் ஒளிச்சேர்க்கைக்காகக் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் மாலையில் 8.3 வரை உயரும். இரவில் எல்லா உயிர்களும் சுவாசித்து அதனை வெளிவிடுவதால் விடியலில் 8.0 அளவுக்குத் தாழும். சாளரங்களை அடைத்துப் பலர் உறங்கும் மழைக்கால இரவுகளில் இன்னும் தாழக்கூடும். அந்நிலையில் நீரில் எதையும் கலக்க வேண்டியதில்லை. சாளரத்தைத் திறந்தாலே எண் மெல்ல உயரும்.

பலர் தடுமாறும் இடம் இதுதான். எண் தாழ்ந்ததும் 'பி.எச். உயர்த்தி' என விற்கும் புட்டியை வாங்கி ஊற்றுகின்றனர். (அப்புட்டிகள் பலவற்றில் இருப்பது சமையல் சோடாவும் சலவைச் சோடாவுமே, விலைதான் வேறு.) எண் உயர்கிறது, மறுநாள் தாழ்கிறது, மீண்டும் ஊற்றுகின்றனர். மீன்களை வருத்துவது தாழ்ந்த எண்ணைவிட இந்தத் திடீர் ஏற்ற இறக்கமே.

உண்மையில் காக்க வேண்டியது, அந்த எண்ணைத் தாங்கி நிற்கும் திறனை. பள்ளி ஆய்வகத்தில் இதனை எளிதில் காணலாம். ஒரு குவளையில் 100 மில்லிலிட்டர் வாலைவடிநீர், மற்றொன்றில் அதே அளவு கடல்நீர். ஒவ்வொன்றிலும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு துளி விடுக. வாலைவடிநீரின் பி.எச். 4.3 அளவுக்குச் சரியும். கடல்நீரில் மாற்றம் மிகச் சிறிதே. கடல்நீரிலுள்ள பைகார்பனேட்டும் கார்பனேட்டும் வந்த அமிலத்தைப் பிணைத்துக்கொண்டன. இயற்கையே அமைத்த தாங்கல் கரைசல் அது. எவ்வளவு அமிலத்தை அது ஏற்கும் என்பதன் அளவே காரத்தன்மை. பி.எச். 8.2 என ஒரேபோல் காட்டும் இரு நீர்களுள் ஒன்று மிகுந்த காரத்தன்மையும், மற்றொன்று வறண்டுபோன காரத்தன்மையும் உடையதாக இருக்கலாம். கருவி அவ்வேறுபாட்டைச் சொல்லாது. வேதியியல் வகுப்பில் பயிலும் தரம் பார்த்தல் முறையில் அமிலத்தைத் துளித்துளியாக விட்டே அதனை அறிய இயலும். தொட்டி வளர்ப்போர் இதனை டி.கே.எச். என்னும் அலகில் அளந்து, 7 முதல் 11 வரை ஒரு மதிப்பைத் தேர்ந்து, அதில் நிலைநிறுத்துவர்.

காரத்தன்மை தானாகவும் தேயும். மீன்கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகையில் அமிலம் உண்டாகிறது. இப்பாக்டீரியாக்கள் பெருகும் முன் மீன்களை விடலாகாது. அம்மோனியாவின் நச்சு வடிவம் பி.எச். ஓர் எண் உயர ஏறத்தாழப் பத்து மடங்காகும் என்பதால், நன்னீர் மீனைக் காட்டிலும் கடல்மீனுக்கு இடர் அதிகம்.

ஆரணியின் கோடையில் நீர் விரைந்து ஆவியாகும், உப்பு ஆவியாவதில்லை. நாளொன்றுக்கு மூன்று லிட்டர் குறைந்து, பத்து நாள் எவரும் கவனிக்காவிடில், லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு 41 கிராமாகும். குறைந்த அளவை ஈடுசெய்யக் கடல்நீரை ஊற்றினால் உப்பு மேலும் ஏறும். நன்னீரே ஊற்ற வேண்டும். கிணற்று நீரும் ஆகாது. அதிலுள்ள நைட்ரேட்டும் சிலிக்காவும் சேர்ந்துகொண்டே போய் வேண்டாத பாசியை வளர்க்கும். எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் வடித்த நீரே தக்கது.

இந்த நன்னீரோடு கால்சியத்தையும் காரத்தன்மையையும் ஒருங்கே ஊட்டும் பழைய வழி ஒன்று உண்டு. அதனை ஜெர்மானியர் 'கால்க்வாசர்' என்பர். பொருள் வேறன்று, நம் சுண்ணாம்பு நீரே. தூய கால்சியம் ஹைட்ராக்சைடு ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 1.6 கிராம் மட்டுமே கரையும். கலக்கித் தெளியவைத்து, மேலுள்ள தெளிநீரை மட்டும் பயன்படுத்த வேண்டும். மேற்பரப்பில் படியும் ஏடு, காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உருவான கால்சியம் கார்பனேட்டு. வெற்றிலைக்குத் தடவும் மணச்சுண்ணாம்பு இதற்கு உதவாது. ஒரு லிட்டர் தெளிநீர், 200 லிட்டர் தொட்டியின் கால்சியத்தை லிட்டருக்கு நான்கு மில்லிகிராம் அளவு உயர்த்தும். சுண்ணப்பாசி எடுத்துக்கொள்ளும் அதே விகிதத்தில் காரத்தன்மையும் உயரும்.

ஆனால் தெளிநீரின் பி.எச். 12க்கும் மேல். தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், கையுறையின்றித் தொடலாகாது. இரவில், பி.எச். தாழ்ந்திருக்கும் வேளையில், சொட்டுச்சொட்டாக விடுவதே முறை. அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் தொட்டி முழுவதும் வெண்பனிபோல் மூடிக்கொள்ளும். சாயப் பட்டறையில் சோடா சேர்த்ததும் அடியில் படிந்த அதே கால்சியம் கார்பனேட்டு! அங்கே வேலை முடிந்ததன் அடையாளம். இங்கே கால்சியமும் காரத்தன்மையும் ஒரே கணத்தில் பறிபோன இழப்பு. கடல்நீரிலுள்ள மெக்னீசியம் இவ்வீழ்படிவைப் பெரிதும் தடுத்து நிற்கிறது. லிட்டருக்கு ஏறத்தாழ 1,300 மில்லிகிராம் அளவில் அதனைப் பேணுவதன் காரணம் இதுவே.

தொட்டியில் கற்ற இக்கணக்கு இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே விரிந்த மன்னார் வளைகுடாவுக்கும் பொருந்தும். அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடற்பகுதி 1986இல் தேசியக் கடற்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் பல்லாண்டுகள், சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப் பாறைகள் அங்கே வெட்டியெடுக்கப்பட்டன. அலையைத் தடுத்த பாறைகள் போனபின் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கின. கடல்நீர் சூடேறியதால் 2010இலும் 2016இலும் பவளங்கள் பரவலாக வெளிறின. இவற்றோடு மற்றொரு மாற்றமும் மெல்ல நிகழ்கிறது. காற்றில் பெருகும் கார்பன் டை ஆக்சைடு உலகக் கடல்களில் கரைந்து, தொழிற்புரட்சிக்கு முன் ஏறத்தாழ 8.2 ஆக இருந்த பி.எச். மதிப்பை இன்று 8.1 அளவுக்கு இறக்கியுள்ளது. சிறிய எண்ணாகத் தோன்றினும், மடக்கைக் கணக்கில் ஹைட்ரஜன் அயனிகள் நூற்றுக்கு இருபத்தைந்துக்கும் மேல் பெருகியுள்ளன. பவளம் கூடு கட்ட வேண்டிய கார்பனேட்டு அந்த அளவுக்கு அரிதாகிறது. வீட்டுத் தொட்டியில் சாளரத்தைத் திறந்து சரிசெய்த அதே சிக்கல்தான். கடலுக்கு வெளிக்காற்று என வேறொன்று இல்லை.

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனம், உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்டுச் சட்டங்களில் பொருத்திச் சிதைந்த திட்டுகளில் நட்டு வளர்த்து வருகிறது. அத்துண்டுகள் தம் கூட்டுக்கு வேண்டிய சுண்ணத்தைச் சூழ்ந்துள்ள கடல்நீரிலிருந்து தாமே எடுத்துக்கொள்கின்றன.